வாழ்க்கைத் துணைக்கு அரைப் பங்கு

உழைத்து வாழும் குடும்பமொன்றில் கணவனோ மனைவியோ நோயினால் அல்லது விபத்தினால் உழைக்கும் ஆற்றலை இழந்துவிட்டால், அக்குடும்பத்தைத் தாங்கும் கடமை யாருடையது? உற்றார் உறவினருடையது என்று பழைய சமுதாயம் விடை கூறிற்று. அரசினுடையது என்று புதிய சமுதாயம் கூறுகின்றது. இந்த இரண்டாவது விடையை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். ஆயினும் அவ்விடையோடு பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. வலுவிழந்தவருக்கு அரசு பணம் கொடுக்கின்றது, நன்று. அவர் அருகில் நிற்கும் வாழ்க்கைத் துணைக்கு ஏதேனும் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதாயின் எந்த நியாயத்தின் பேரில்? அது பிச்சையா, உரிமையா, கூலியா?

இக்கேள்வியை வெறும் தத்துவமாகப் பேசுவதிலும் ஒரு நாட்டின் சட்டத்தை முன்வைத்துப் பேசுவதே பயன் தருவது. அதற்கு ஐக்கிய அமெரிக்காவைத் தேர்ந்துகொள்வோம். வாழ்க்கைத் துணையின் பெறுமதியை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக டொலரிலும் சதத்திலும் கணக்கிட்டு வருகின்ற நாடு அது. குடும்பத்தின் புனிதத்தைப் பற்றி அந்நாட்டின் தலைவர்கள் மேடையில் பேசியவை ஏராளம். ஆனால், ஒரு சமுதாயம் குடும்பத்தைப் பற்றி மெய்யாகவே என்ன கருதுகின்றது என்பதை அறிய விரும்புவோர் அதன் கணக்கேட்டைத்தான் புரட்டிப் பார்க்கவேண்டும்.

1935 ஓகஸ்ட் 14ஆம் திகதி ஜனாதிபதி பிராங்க்ளின் றூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதிலிருந்த முதுமைக் காப்புறுதி தொழிலாளியை மட்டுமே கண்டது. அவன் மனைவியைக் காணவில்லை. வயல்களில் கூலிக்கு உழைத்தோரும் பிறர் வீடுகளில் வேலை செய்தோரும் அதிலே சேர்க்கப்படவில்லை. இவர்களுள் நிலையான வேலையுடையோர் 1950ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னரே உள்ளே வரலாயினர். பிறர் வீட்டிலே சமைப்பதும் துவைப்பதும் நோயாளியைத் தூக்கி அமர்த்துவதும் பதினைந்து ஆண்டுகளாகத் தொழில் என்று எண்ணப்படவில்லையாயின், தன் வீட்டிலேயே இவற்றைச் செய்த பெண்ணின் உழைப்பு எவ்வாறு எண்ணப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1939ஆம் ஆண்டில் முதல் மாற்றம் வந்தது. 65 வயதான மனைவிக்குக் கணவனுடைய தொகையில் அரைப்பங்கு மேலதிகமாகக் கொடுக்கப்படும் என்று சட்டம் திருத்தப்பட்டது. கணவனுக்கு மனைவியின் கணக்கிலிருந்து எதுவும் இல்லை. 1950இல் அவனுக்கும் இடம் கிடைத்தபோது, தன் சீவியத்துக்குக் குறைந்தது பாதியளவேனும் மனைவியை நம்பியிருந்தவன் என்று அவன் நிரூபிக்க வேண்டியிருந்தது. மனைவியோ எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தங்கி வாழ்பவள் என்பது விசாரணையின்றியே முடிந்துபோன விடயம்!

இயலாமைக் காப்புறுதி இன்னும் தாமதமாகவே வந்தது. 1956இல் செனட் சபை 47க்கு 45 என்ற மயிரிழைப் பெரும்பான்மையால் அதனை ஏற்றது. ஜனாதிபதி ஐசன்ஹோவர் அவ்வாண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி ஒப்பமிட்டார். 50 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட வலுவிழந்த தொழிலாளருக்கே முதலில் அது உரியதாயிருந்தது. 1958இல் அவர்களுடைய மனைவி மக்களுக்கும் கொடுப்பனவு விரிவுபடுத்தப்பட்டது. 1960இல் ஐம்பது வயது என்ற எல்லை நீக்கப்பட்டது. ஆண் பெண் வேற்றுமையை நீதிமன்றங்கள் தகர்க்கப் பின்னும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. மனைவி இறந்தபின் குழந்தையைத் தானே வளர்க்கும் தந்தைக்கும் தாய்க்குரிய கொடுப்பனவு உண்டு என்று 1975இலும், கணவன்மார் மட்டும் தங்குநிலையை நிரூபிக்க வேண்டுமென்பது செல்லாது என்று 1977இலும் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இன் தீர்ப்போடு ஒரே பாலினத்தவரின் விவாகமும் நாடெங்கும் ஏற்கப்பட்டுவிட்டது. எனவே இன்று அச்சட்டத்தின் நடைமுறையிலே ஆணுமில்லை, பெண்ணுமில்லை. வாழ்க்கைத் துணை என்பவரே உளர்.

இன்றைய விதி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். போதிய காலம் வேலை செய்து காப்புறுதி வரி செலுத்திய ஒருவர், பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாது நீடிக்கும் என்றோ மரணத்தில் முடியும் என்றோ எதிர்பார்க்கப்படும் நோயினால் உழைக்க இயலாதவராகும்போது இயலாமைக் கொடுப்பனவு பெறுகின்றார். அவருடைய துணை இரு வாயில்களில் ஒன்றினூடாகவே உள்ளே வரலாம். ஒன்று, 62 வயதை அடைந்திருத்தல். மற்றது, வலுவிழந்தவரின் பிள்ளையொன்றைப் பராமரித்தல். அப்பிள்ளை 16 வயதுக்குக் குறைந்ததாகவோ 22 வயதுக்கு முன்னரே வலுவிழந்ததாகவோ இருக்கவேண்டும். துணைக்குரிய உச்சத்தொகை தொழிலாளியின் முழுத்தொகையில் நூற்றுக்கு ஐம்பது வீதம். 1960இலும் அதன் பின்னரும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67; அதுவரை காத்திராது 62இலேயே வாங்குபவருக்கு அது நூற்றுக்கு 32.5 வீதமாகக் குறையும். பிள்ளையைப் பராமரிப்பவருக்கு வயது காரணமான இக்குறைப்பு இல்லை.

தொழிலாளியின் தொகை மாதம் 2,000 டொலர் என வைத்துக்கொள்வோம். துணைக்கு உரியது 1,000 டொலர். 62 வயதிலேயே கேட்டால் 650 டொலர். துணை வாங்குவதால் தொழிலாளியின் 2,000 டொலரில் ஒரு சதமும் குறையாது. இதனை அழுத்திக் கூறவேண்டியிருக்கின்றது. நோயுற்ற கணவனின் வாயிலிருந்து பறிப்பதாகுமோ என்று அஞ்சி வாளாவிருக்கும் மனைவிக்கு அவ்வச்சம் தேவையில்லை. அது கேட்டுப் பெறவேண்டிய உரிமை. விண்ணப்பம் செய்தாலன்றி அது கைக்கு வருவதில்லை. ஏழைகள் தமக்குச் சட்டப்படி உரியதைக் கேட்கவும் நாணுகின்றனர். வசதி படைத்தோர் தமக்குரிய வரிச் சலுகையைக் கேட்க என்றேனும் நாணியதுண்டா?

இனி நியாயத்துக்கு வருவோம். துணைக்குக் கொடுப்பது எதற்காக? மூன்று விடைகள் கூறப்படலாம். தேவைக்காக என்பது ஒன்று. செலுத்திய காப்புறுதிக்காக என்பது மற்றொன்று. பராமரிக்கும் உழைப்புக்காக என்பது மூன்றாவது. சட்டம் இம்மூன்றில் எதன்மீது நிற்கின்றது என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம்.

தேவைக்காக என்றால், தேவை மிகுந்தவருக்கு மிகுதியாகக் கொடுக்கவேண்டுமன்றோ? நடப்பதோ தலைகீழ். நிறைய உழைத்தவனின் துணைக்கு நிறைய. குறைய உழைத்தவனின் துணைக்குக் குறைய. அதனோடும் நிற்கவில்லை. வலுவிழந்தவரின் குடும்பத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கின்றது. 1980ஆம் ஆண்டின் திருத்தத்தினால் வந்த அந்த வரம்பின்படி, குடும்பம் முழுவதும் பெறும் தொகை தொழிலாளியின் சராசரி மாத வருவாயில் நூற்றுக்கு 85 வீதத்தையோ, அவருடைய கொடுப்பனவின் ஒன்றரை மடங்கையோ, இவற்றுள் குறைந்ததைத் தாண்டலாகாது. தொழிலாளியின் சொந்தத் தொகைக்கு மட்டும் பங்கம் வராது. 2025ஆம் ஆண்டின் சூத்திரப்படி, சராசரி வருவாயின் முதல் 1,226 டொலருக்கு நூற்றுக்கு 90 வீதம் தொழிலாளிக்குக் கிடைக்கும். ஆகவே மாதம் 1,200 டொலர் சராசரியாகச் சம்பாதித்த ஏழைத் தொழிலாளிக்கு 1,080 டொலர். அவன் குடும்பத்தின் வரம்போ 1,200இல் நூற்றுக்கு 85, அதாவது 1,020 டொலர். தொழிலாளியின் சொந்தத் தொகையே வரம்பைக் கடந்துவிட்டது. மனைவிக்கும் மக்களுக்கும் மிஞ்சுவது என்ன? ஒன்றுமில்லை! அதே சூத்திரத்தின்படி மாதம் ஏறத்தாழ 4,030 டொலர் சம்பாதித்தவனுக்கு 2,000 டொலரும் அவன் குடும்பத்துக்கு மேலும் 1,000 டொலரும் உண்டு. வலுவிழந்தவரின் குடும்பம் வேலை செய்த காலத்திலும் மேலாக வாழ்ந்துவிட்டால் மீண்டும் வேலைக்குப் போக மனம் வராது என்பதே இவ்வரம்புக்குக் கூறப்பட்ட காரணம். முதுகெலும்பு முறிந்தவனுக்கும் சோம்பல் வந்துவிடுமோ என்று கவலைப்படும் அறம் அது.

தேவையைப் பார்த்தே கொடுக்கும் வேறொரு திட்டமும் அந்நாட்டில் உண்டு. 1972இல் சட்டமாகி 1974 ஜனவரியில் தொடங்கிய குறைநிரப்பு வருமானத் திட்டம், வருவாயும் சொத்தும் மிகக் குறைந்த முதியோருக்கும் பார்வையற்றோருக்கும் வலுவிழந்தோருக்கும் உரியது. 2025இல் தனியொருவருக்கு அத்திட்டத்தின் உச்ச மாதத்தொகை 967 டொலர். வலுவிழந்த இருவர் தனித்தனியே வாழ்ந்தால் இருவருக்கும் 1,934 டொலர். அவர்கள் மணந்துகொண்டாலோ 1,450 டொலர். காதலுக்கு விதிக்கப்படும் அபராதம் மாதம் 484 டொலர்! சேமிப்பின் எல்லையும் அப்படியே: தனியொருவருக்கு 2,000, தம்பதிக்கு 3,000. விலைவாசி எவ்வளவோ ஏறியும் 1989 முதல் இவ்வெல்லை அசையவில்லை. ஒருவர் வலுவிழந்து மற்றவர் உழைப்பவராயின், உழைப்பவரின் வருவாயில் ஒரு பகுதி வலுவிழந்தவரின் வருவாயாகவே எண்ணப்பட்டு உதவி குறைக்கப்படும்.

இரு திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. ஒரு திட்டம் விவாகத்துக்காக அரைப்பங்கைக் கூட்டுகின்றது; மற்றது விவாகத்துக்காக அரைப்பங்கைக் கழிக்கின்றது. கூட்டினாலும் கழித்தாலும் வந்து நிற்குமிடம் ஒன்றே. கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒன்றரை மனிதர்! ஒரே அடுப்பு, ஒரே விளக்கு, ஒரே வாடகை. எனவே இருவர் வாழ்வது இருமடங்கு செலவாகாது என்று கணக்கர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தச் சிக்கனத்தை உண்டாக்குவது யார்? ஓர் அடுப்பில் இருவருக்குச் சமைத்து, நோயாளிக்கு வேறு கஞ்சி வைத்து, கூலிக்கு ஆள் வைக்காது தானே படுக்கையை மாற்றும் துணையன்றோ? அவள் உழைப்பினால் மிச்சமானதை அரசு எடுத்துக்கொண்டு, அவளை அரை மனிதராகவும் எண்ணுகின்றது.

காப்புறுதிக்காக என்ற இரண்டாவது விடையைப் பார்ப்போம். தொழிலாளி வரி செலுத்தினான். அதற்கான பயன் அவன் குடும்பத்துக்கு வருகின்றது என்பர். ஆனால் மணமாகாதவனும் அதே வீதத்தில்தான் வரி செலுத்துகின்றான். இருவரும் உழைக்கும் குடும்பத்திலோ இரட்டை வரி. மேற்கூறிய 2,000 டொலர்க்காரரின் மனைவி பல ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்து, முழு ஓய்வு வயதில் தன் சொந்தக் கணக்கில் 600 டொலருக்கு உரியவளானாள் எனக் கொள்வோம். முதலில் அந்த 600ஐ வாங்கவேண்டும். பின்னர் 1,000ஐ நிரப்ப 400 சேர்க்கப்படும். ஒருநாளும் வெளியே உழைக்காத மனைவிக்கும் அதே 1,000 டொலர்தான். அவளது சொந்தத் தொகை 1,000ஐ எட்டிவிட்டாலோ துணை என்ற முறையில் ஒரு சதமும் இல்லை. தொழிற்சாலைப் பெண் செலுத்திய வரி எங்கே போயிற்று? காப்புறுதி என்ற வாதம் இங்கே காலொடிந்து விழுகின்றது.

எஞ்சியிருப்பது மூன்றாவது விடை: பராமரிப்பு. பிள்ளையைப் பராமரிக்கும் துணைக்கு எந்த வயதிலும் கொடுப்பனவு உண்டு என்பதால், பராமரிப்பும் ஒரு வேலை என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது எனலாம். ஆனால் யாரைப் பராமரிப்பது? பிள்ளையை மட்டுமே. இக்கொடுப்பனவு பிறப்பதற்கே காரணமான நோயாளியைப் பராமரிப்பது கணக்கில் இல்லை. 45 வயதுப் பெண்ணொருத்தி. பிள்ளைகள் இல்லை, அல்லது வளர்ந்துவிட்டனர். கணவன் பக்கவாதத்தில் படுத்துவிட்டான். அவள் வேலையை விட்டு இரவும் பகலும் அவனருகே இருக்கின்றாள். 62 வயது வரும்வரை, பதினேழு ஆண்டுகள், துணை என்ற முறையில் அவளுக்கு ஒன்றுமில்லை. கடைசிப் பிள்ளைக்குப் பதினாறு வயது நிறைந்த மாதத்தோடு தாயின் கொடுப்பனவும் நின்றுவிடும். கணவனின் நோயோ அம்மாதத்தில் நிற்பதில்லை.

தண்டனை அதனோடும் முடியவில்லை. முதுமைக் கொடுப்பனவு ஒருவருடைய மிகச் சிறந்த 35 ஆண்டுகளின் வருவாயைக் கொண்டு கணக்கிடப்படுவது. 35க்குக் குறைந்தால் எஞ்சிய ஆண்டுகள் சுழியங்களாக நிற்கும். நோயாளியின் படுக்கையருகே கழிந்த ஒவ்வோர் ஆண்டும் அவள் கணக்கில் ஒரு சுழியம். வலுவிழந்த கணவனுக்கு 24 மாதங்களின் பின் அரசாங்க மருத்துவக் காப்புறுதி கிடைக்கின்றது. வேலையை விட்டதனால் முதலாளி கொடுத்த மருத்துவக் காப்புறுதியை இழந்த மனைவிக்கு, 65 வயது வரை அந்தத் திட்டத்தில் துணை என்பதற்காக இடமில்லை.

விவாகரத்தின்போது இந்த அறம் இன்னும் வெளிப்படையாகின்றது. விவாகம் பத்தாண்டுகள் நீடித்திருந்தால், பிரிந்தவரும் 62 வயதில், மறுமணம் செய்யாதிருந்தால், முன்னாள் துணையின் கணக்கில் கொடுப்பனவு பெறலாம். ஒன்பதாண்டு பதினொரு மாதம் பணிவிடை செய்தவருக்கு ஒன்றுமில்லை. பத்தாண்டு ஒரே கூரையின்கீழ் பேசாதிருந்தவருக்கு அரைப்பங்கு உண்டு. 1976இல் உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்றில், இருபது ஆண்டுகளுக்கு மேல் மனைவியாயிருந்து பிரிந்த பெண்ணொருத்தி வலுவிழந்த பிள்ளையைப் பராமரித்துக்கொண்டிருந்தாள். மனைவியாகத் தொடர்ந்திருந்தால் 62 வயதுக்கு முன்னரே அவளுக்குக் கொடுப்பனவு உண்டு, பிரிந்தமையால் இல்லை. அந்த வேறுபாடு செல்லும் என்று நீதிமன்றம் தீர்த்தது. பிள்ளை அதே பிள்ளை, பராமரிப்பு அதே பராமரிப்பு. மாறியது கணவனோடுள்ள உறவு ஒன்றே. ஆகவே சட்டம் கொடுப்பது பராமரிப்புக்கு அன்று. மனைவி என்ற பதவிக்கு.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். அவற்றுக்கு விடை கூறாது செல்வது முறையன்று.

அன்புக்கு விலை வைக்கலாமா என்பது முதல் ஆட்சேபம். கணவனைப் பார்ப்பதற்கு மனைவி கூலி வாங்கினால் இல்லறம் தொழிற்சாலையாகிவிடாதா? கல்லானாலும் கணவன் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இவ்வாட்சேபம் மிகவும் பழக்கமானது. ஆனால், அன்பு விலைமதிப்பற்றது என்ற வாக்கியத்தை உச்சரிப்பவர் யார் என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் விலை கொடுக்கவேண்டியவரே அதை உச்சரிக்கின்றார்! ஆசிரியனும் மருத்துவனும் சம்பளம் வாங்குவதால் அவர்களுடைய பணியில் அன்பு அற்றுப்போவதில்லை. பட்டினிக்கு அஞ்சிக் கட்டிலருகே இருப்பதற்கும், விரும்பி இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. போகலாம் என்ற நிலையிலும் போகாதிருப்பதே அன்பு. போக வழியின்றி இருப்பதற்குச் சிறை என்று பெயர். பணம் அன்பை வாங்குவதில்லை; அன்பிலிருந்து கட்டாயத்தைக் கழற்றிவிடுகின்றது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலியது. யார் உண்மையிலே பராமரிக்கின்றார் என்று அறிய அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் உளவு பார்க்க வராதா? விவாகப் பத்திரத்தைக் காட்டினாற் போதும் என்ற எளிய விதி, ஏழைகளைத் துருவித் துருவி விசாரிக்காது அவர்கள் மானத்தைக் காக்கின்றதன்றோ? இதில் உண்மை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆகவேதான், இன்று துணை பெறும் அரைப்பங்கைப் பறித்துவிட்டுப் புதிதாய் ஒன்றைக் கொடுக்கவேண்டுமென்று நாம் கூறவில்லை. இருப்பது இருக்கட்டும், இல்லாதது சேரட்டும் என்கின்றோம்.

பராமரிப்பை அளக்கவே இயலாதென்பதும் பொருந்தாது. அமெரிக்காவே போரில் காயமுற்ற தன் வீரர்களின் விடயத்தில் அதனை அளந்திருக்கின்றது. 2010ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, கடுமையாகக் காயமுற்ற படைவீரரை வீட்டிலே பராமரிக்கும் குடும்பத்தவருக்கு, மனைவி அல்லது கணவன் உட்பட, மாதப்படி வழங்கப்படுகின்றது. ஜெர்மனியில் 1995இல் தொடங்கிய நெடுங்காலப் பராமரிப்புக் காப்புறுதி, சம்பளமின்றி உறவினரைப் பராமரிப்போருக்காக ஓய்வூதியப் பங்களிப்பைத் தானே செலுத்துகின்றது. அங்கே அந்த ஆண்டுகள் சுழியங்கள் அல்ல. பிரித்தானியா 1976இல் வலுவிழந்தோரைப் பராமரிப்பவருக்கு ஒரு படியை ஏற்படுத்தியது. ஆனால் மணமான பெண்களை அதிலிருந்து விலக்கியது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அதன் உட்கிடை. வலுவிழந்த தாயைப் பராமரிப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி வழக்காடினார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளிக்க, அவ்வாண்டிலேயே அந்த விலக்கு ஒழிந்தது. பத்தாண்டுகளாக ஒரு நாட்டின் சட்டமாயிருந்த அநீதி, ஒரு பெண் கேள்வி கேட்டதனால் வீழ்ந்தது.

ஆகவே வேண்டுவது என்ன? வலுவிழந்தவரைப் பராமரிக்கும் துணைக்கு வயதெல்லையின்றிக் கொடுப்பனவு வேண்டும். அவர் படுக்கையருகே கழித்த ஆண்டுகள் உழைத்த ஆண்டுகளாக அவருடைய சொந்தக் கணக்கிலே பதியப்படல் வேண்டும். அப்போது பிரிவோ மரணமோ அவரை வெறுங்கையராக்காது. ஏழைத் தொழிலாளியின் குடும்பத்தை மட்டும் பட்டினியாக்கும் வரம்பு நீங்கவேண்டும். வலுவிழந்த இருவர் மணப்பதற்கு அபராதம் இருத்தல் ஆகாது. இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். அப்பணத்தை இன்றும் ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றார். தம் உறக்கத்தாலும் ஊதியத்தாலும் முதுமையாலும், ஒற்றையாய், வீட்டுக்குள்ளே. அந்தச் சுமையை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

தமிழில் நாம் மனைவியையும் கணவனையும் வாழ்க்கைத் துணை என்கின்றோம். துணை என்பது உடனிருந்து தாங்குபவரைக் குறிக்கும்; தங்கி வாழ்பவரைக் குறிப்பதன்று. எந்நாட்டிலாயினும் இத்தகைய சட்டம் எழுதப்படும்போது, எழுதுவோரிடம் நாம் கேட்கவேண்டியது இதுவே: அந்த வீட்டிலே யார் யாரைத் தாங்குகின்றார் என்று பார்த்தீர்களா? பார்த்தபின் எழுதுங்கள்.